மற்றவை: ஒன்று

தீயணைப்பு நிலையத்தில்
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள்.
வியாழன்தோறும் பிங்கோ நடக்கும் கூடம்.
எண்பலகையைத் துணியால் மூடியும்
ஓரத்தில் ஒரு ஒன்பது எட்டிப் பார்த்தது.

நான் சுருக்கெழுத்தாளர்.
யார் பேசினாலும் என் விரல் கேட்கும்.
எனக்குப் பேச அனுமதி இல்லை.

லோர்ன் ராஃப்யூஸ், நிறுவனத்தின் பொறியாளர்,
நல்ல மனிதர், அன்று தொண்டை கட்டியிருந்தது.
ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உப்பு கிடப்பதைப்
படம் போட்டுக் காட்டினார்.
தெனாக் ஆற்றுத் தண்ணீரை உள்ளே செலுத்துவார்களாம்,
உப்பு கரையுமாம்,
கரைந்த இடம் குகையாகுமாம்,
குளிர்காலத்துக்கான எரிவாயு அதற்குள்
அடைகாக்கும் கோழிபோல் அசையாமல் இருக்குமாம்.
கோழி நான் சேர்த்தது. பிரதியில் இல்லை.

கரைந்த உப்பு?
ஆற்றுக்கே.
கொஞ்சம் கொஞ்சமாக, ஓதம் ஏறும்போது.
"குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை."
எட்டு மணிக்குள் அந்த வாசகத்துக்கு
ஒரே தட்டில் விழும்படி
ஒரு குறுக்குவழி செய்துகொண்டேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு மணி.
பின்வரிசையில் யாரோ எழுந்து
"நாங்கள் இங்கே உப்புக்குச் சப்பாணியா?" என்று கத்த
கூடமே சிரித்தது, ராஃப்யூஸும்.
பெயர் சொல்லாததால்
"ஒரு குரல்" என்று பதிந்தேன்.

டோனல்டா மெக்கேஸ்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
கடைசிப் பிற்சேர்க்கை வரை படித்தது
அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.
"மீன் முட்டைகளை எண்ணினீர்களே, எந்த மாதம்?"
தாள் புரண்டது.
"அக்டோபர்."
"இந்த ஆற்றில் மீன் முட்டையிடுவது மே கடைசியில்."
"நல்ல கேள்வி" என்றார் ராஃப்யூஸ்.
அது கேள்வி இல்லை.
நான் முற்றுப்புள்ளிதான் வைத்தேன்.

முப்பத்தெட்டாவது பெயர் நோயல் சிலிபாய்.
வலை இழுத்துக் காய்த்த கை
ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிவைத்தது.
மிக்மாக் மொழியில் தொடங்கினார்.
மொழிபெயர்ப்பாளர் இல்லை, யாரும் அழைத்திருக்கவில்லை.
தலைவர் என்னைப் பார்த்தார்.
"வேற்று மொழி" என்று இரண்டு சொல் போட்டால்
விதிக்குப் போதும்.
அந்தக் கரையில்
எது வேற்று மொழி?

என் இயந்திரம் பொருள் கேட்காது, ஒலி கேட்கும்.
அடித்தேன்.
தொண்டைக் குழியிலிருந்து எழும் அந்தக் ககரத்துக்கு
என்னிடம் விசை இல்லை,
இரண்டைச் சேர்த்து அழுத்தினேன்.
மணி அடித்தது.
மணி அடித்தது என்று எழுதினேன்.
அவர் தொடர்ந்தார்.
அவர் தொடர்ந்தார் என்று எழுதினேன்.

இடைவேளையில் காகிதக் கோப்பையோடு வந்தவர்
என் திரையில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தார்.
"இங்கே இன்னும் நீளம்."
நீட்டினேன்.
என்ன பொருள் என்றேன்.
"ஆறு திரும்பி வருகிற நேரம்.
இப்போது வெளியே வந்தால் பார்க்கலாம்."
நான் போகவில்லை. நாடா மாற்ற வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துச் சுருக்க அறிக்கை வந்தது.
மீன், பத்தொன்பது. சத்தம், பதினொன்று.
கிணறு, ஆறு. வேலைவாய்ப்பை முன்னிட்டு ஆதரவு, நான்கு.
மற்றவை, ஒன்று.
முழுப் பிரதி வேண்டுவோர்
அலுவலக நேரத்தில் நேரில் வரலாம்.

வரைபடத்தின் சிவப்பு வட்டத்துக்குள் ஒன்பது வீடுகள்.
ஆறாவது வீட்டின் வாசல் விளக்கை
அன்று மாலை
அணைக்காமல் வந்திருந்தேன்.

விசாரணை முடிந்து போகும் வழியில்
பாலத்தின் நடுவே காரை நிறுத்தினேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
கீழே இருட்டில், கடல் பக்கமிருந்து
தண்ணீர் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது,
மறந்துவிட்டதை எடுக்கத் திரும்புகிறவர்போல.
அந்தச் சொல்லை
நீளமாகச் சொல்லிப் பார்த்தேன்.
ககரம் சரியாக வரவில்லை.