தன் வீட்டில் கன்னம் வைத்தவன்

ஆம், தெக்லா பெரின் நான்தான்.
வியோலா. மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி,
கதவு திறக்கும்போதெல்லாம்
கழுத்தில் காற்று படுகிற இடம்.
உண்மையே சொல்வேன் என்று கை தூக்கினேன்.
தாடையடியில் இருக்கும் தழும்பை
எழுத்தர் வேறெதுவோ என்று நினைத்து
கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வழக்கு இதுதான்:
எர்மெத்தே வால்சேக்கி என்கிற இசையமைப்பாளர்
எர்மெத்தே வால்சேக்கியிடமிருந்து
ஐந்து சுரங்களைத் திருடிவிட்டார்.

முதல் படத்தில் அவை
உப்பளத்தில் கணவனைத் தேடும் ஒருத்திக்கு.
பாத்தியதை முழுவதையும் எழுதிக் கொடுத்தாயிற்று
தூரின் நகரத்துக் கம்பெனிக்கு,
ஒரு பழைய காரின் விலைக்கு.
ஏழு வருஷம் கழித்து அதே ஐந்தும்
நாலு மடங்கு வேகத்தில், டிரம்பெட்டில்,
வங்கியைக் கொள்ளையடித்து
பாலத்தின் மேல் தப்பியோடும்
மூன்று தடியர்களுக்கு.

‘படத்தில் வருகிறவர்கள் அல்ல,
பின்னணியில் ஒளிந்திருப்பவரே கொள்ளைக்காரர்’
என்றார் கம்பெனி வக்கீல்.
மனுஷர் இதை வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
ஜனவரி. கணப்பின் உலர்ந்த சூட்டில்
தந்திகள் நெகிழ்ந்து கிடந்தன.
முறுக்கிச் சுருதி சேர்த்தேன்.
நீதிபதி கண்மூடித் தலையசைத்து
ஏதோ குறிப்பெடுத்தார்.
‘இன்னும் ஆரம்பிக்கவில்லை ஐயா’ என்றேன்.

பிறகு, உப்பளம். பிறகு, பாலம்.

‘இரண்டும் ஒன்றுதானே?’
இல்லை. உப்பளத்தில் ஐந்தாவது சுரம்
அரைப்படி இறங்கும்.
பாலத்தில் இறங்காது, நிற்கும்.
‘சாதாரணக் காதுக்கு அது தெரியுமா?’
இருட்டில் மாடி இறங்கும்போது
கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்பது
எந்தக் காலுக்கும் தெரியும் என்றேன்.

கேட்காததை நான் சொல்லவில்லை.
பற்பசை விளம்பரத்தில் அது வந்தது.
பொம்மை கண் திறக்கும் பேய்ப்படத்தில்,
திராட்சை மதுவைப் பற்றிய செய்திச் சுருளில்,
ஓடாமல் போன இரண்டு காதல் கதைகளில்.
பதினொரு தடவை.
ஒவ்வொரு தடவையும் ஐந்தாவதுக்கு வரும்போது
அவருடைய இடது கை காற்றில் சற்றுத் தயங்கும்,
சாவியை எந்தப் பையில் போட்டோம் என்பதுபோல.
ஒவ்வொரு தடவையும் அந்தச் சுரம் வேறு.
என் தாளின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு சின்ன மீன் வரைந்துவைப்பேன்.
ஏன் மீன் என்று எனக்கே தெரியாது.

தன் வீட்டுச் சுவரிலேயே
கன்னம் வைத்து நுழைகிறவன்
எதைத் தேடுகிறான் என்று
நீதிபதி கேட்டிருக்கலாம்.
அவர் கேட்டது,
எனக்கு ரயில் கட்டணம் கிடைத்ததா என்று.

தீர்ப்பு தள்ளிப்போனது.
வாசல் படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.
நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.
‘இரண்டாவது முறை, ஐந்தாவது சுரம்,
கொஞ்சம் தாழ்ந்துவிட்டது உங்களுக்கு.’
விரல் விறைத்துவிட்டது, மன்னியுங்கள் என்றேன்.
‘அரைப்படிகூட இல்லை, அதற்கும் கீழ்ப்பாதி’
என்று தனக்கே முணுமுணுத்து,
காவலரிடம் பென்சில் இரவல் வாங்கி
சம்மனின் முதுகில் எழுதிக்கொண்டார்.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

மார்ச்சில் ரோமில் ஒரு ஒலிப்பதிவு.
காணாமல் போன நாயைப் பற்றிய படம்.
தாளைப் பிரித்தால், அதே ஐந்து.
டிரம்பெட் இல்லை, வயலின் இல்லை,
ஒரே ஒரு வியோலா.
ஐந்தாவதன் தலைமேல் கீழ்நோக்கி ஒரு அம்பு,
பக்கத்தில் அவர் கையெழுத்தில்:
‘நீதிமன்றத்தில் வாசித்தபடி.’

கதவு திறந்து கழுத்தில் காற்று பட்டது.
திரையில் நாய்
தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தது.
அவருடைய இடது கை இந்த முறை
தயங்கியதா என்று தெரியாது.
நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.