ஐம்பத்திரண்டு திங்கள்

எங்கள் கடை ரொட்டிக்கு இரண்டு நாள் ஆயுள்.
நான் வென்ற புள்ளிக்கு ஐம்பத்திரண்டு வாரம்.
அடுத்த ஆண்டு அதே திங்கட்கிழமை
கணக்கிலிருந்து கழன்றுவிடும்.
மறுபடி போய் மறுபடி வென்றால்தான்
இருந்த இடத்திலாவது இருக்கலாம்.

பிளெவெனில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பதினாறு வயதில், அந்தால்யாவில்,
முதல் புள்ளி வாங்கியபோது
அது பல் மாதிரி என்று நினைத்தேன்.
முளைத்தால் முளைத்ததுதான் என்று.

பிறகு பதினான்கு வருடம்.

குளியல் தொட்டியில் ஹோட்டல் ஷாம்பூ ஊற்றி
மிதித்துத் துவைத்த பாவாடைகள்.
எத்தனை மிதித்தாலும்
வெள்ளைக்குத் திரும்பாத காலுறைகள்,
செம்மண் தரையில் ஆடியவை.
நரம்பு அறுந்த மட்டைகள் இரண்டு, அறாதது ஒன்று,
அதையும் அறுத்துவிடாமல் ஆடிய ஒரு மூன்றாவது செட்.

ஷரோல்தா புடாபெஸ்டுக்காரி.
அறை வாடகையில் பாதி அவள், பாதி நான்.
இரவு ஒன்பதுக்குப் பட்டியல் வந்தது.
அவள் பெயருக்கு எதிரே என் பெயர்.
'அலாரம் எத்தனைக்கு?' என்றாள்.
'ஏழு.'
ஒரே அலாரம் இரண்டு பேரையும் எழுப்பியது.
மூன்று மணி நேரம், நாற்பது டிகிரி,
ஏழுக்கு ஐந்து, எனக்கு.
மாலையில் என் முழங்காலில் ஐஸ் வைத்தாள்,
கொஞ்ச நேரம்.
'நீயே பிடித்துக்கொள்,
எனக்குக் கை வலிக்கிறது' என்றாள்.

தோற்ற நாட்களில் போன் அதிரும்.
உன் கை அழுகட்டும் என்று எழுதியிருப்பான்
முகமில்லாத எவனோ,
என் மேல் நாற்பது யூரோ கட்டி இழந்தவன்.
அந்த ஆட்டத்துக்கு எனக்கு வந்ததே
வரி போக நூற்றைந்து.
அழித்தேன்.
அழிக்கும் முன் ஒரு கணம் தோன்றியது:
அன்று காலை இவன் ஒருவனாவது
நான் ஜெயிப்பேன் என்று நம்பியிருக்கிறான்.

தொண்ணூற்றேழு.
ஒரே ஒரு வாரம்.
பெல்கிரேடிலிருந்து நீஷுக்கு பஸ்ஸில்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன்,
போனில் சார்ஜ் இல்லை.
தம்பி கலோயன் பட்டியலை அச்செடுத்து
கடைச் சுவரில் ஒட்டினான்.
மறு திங்கள் நூற்று மூன்று.
அவன் கழற்றவில்லை.
என் பெயர் மேல் மாவு படிந்தது.

அந்தப் பெரிய போட்டியைப் பற்றிக் கேட்பார்கள்.
தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம்,
ஒரு புள்ளி எடுத்தால் உள்ளே.
பந்து வலையின் விளிம்பில் ஏறி
என் பக்கம் விழுந்தது.
அவ்வளவுதான்.
அந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம்.

பூங்கொத்து கொடுத்து வழியனுப்புவது
மேலே இருப்பவர்களை.
ஸ்கோப்யேவில், ஏழாம் எண் ஆடுகளத்தில்,
சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பும்
ஒரு பையன் பார்த்திருக்க
நான் கடைசியாக சர்வீஸ் போட்டேன்.
கடைசி என்று அவனுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது.
முழங்கைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நான் ஆடவில்லை.
பட்டியல் ஆடிக்கொண்டிருந்தது.
மார்ச்சில் அந்தால்யா போனது.
ஜூலையில் அஸ்தானா, ஒரே காலையில் இருபது புள்ளி.
இருநூற்றுப் பதினான்கு, முந்நூற்று எண்பத்தெட்டு,
அறுநூற்றுப் பதினொன்று.
அடுப்பு பற்றவைக்கும் நாலரை மணிக்கு
ஒவ்வொரு திங்களும் தேய்வதைப் பார்த்தேன்.

பிறகு ஒரு திங்கள், நான் இல்லை.
போன வாரம் எனக்கு மேலே ஸ்லோவாக் பெண் ஒருத்தி,
கீழே சீனப் பெண் ஒருத்தி.
இந்த வாரம் அவர்களுக்கு நடுவில்
ஒரு வரி இடைவெளி கூடக் கிடையாது.

ஷரோல்தாவிடமிருந்து செய்தி:
'பாதி அறைக்கு ஆள் வேண்டும்.
தெரிந்தவள் யாராவது குறட்டை விடாதவள்?'
விசாரிக்கிறேன் என்று பதில் போட்டேன்.
வேனில் ஏற்றியது நூற்றிருபது ரொட்டி,
கடைசித் தட்டில் நான்கு கருகியவை.
கலோயன் எண்ணிக்கையைக் கேட்டான்.
நூற்றுப் பதினாறு என்றேன்.