மஞ்சக்குப்பம் ஒண்ணு

"என் பேர் மாஸ்கோ. நான் ஒரு குடிநோயாளி."
யாரும் சிரிக்கவில்லை.
அப்பா வைத்த பேருக்குச்
சிரிக்காத முதல் அறை இது.

முத்தியால்பேட்டை மாதா கோயிலை ஒட்டிய அறை.
சிலுவையைக் கழற்றிய ஆணியில்
பன்னிரண்டு படிகள், லேமினேட் செய்து.
அவரவர் அறிந்த கடவுள் போதுமாம்.
ஜன்னல் மாதிரி ஒரு சலுகை.
கறுப்புச் சட்டையோடு அதில் நுழையப் பார்த்தேன்,
தோள் இடிக்கிறது.

சவரிராயன் மாதாவிடம் ஒப்படைத்துவிட்டான்.
கலியமூர்த்தி, மயிலம் முருகனிடம்.
"நீங்க?"
ஏழு நாற்பது கடலூர் பஸ்ஸிடம், என்றேன்.
பிஸ்கட் தட்டு என்னிடம் வந்தது,
அவ்வளவுதான்.

கடைசியில் எழுந்து கை கோத்து ஜெபம்.
வாயை இறுக்கிக்கொண்டேன்.
வலை அறுத்த தழும்போடு சவரிராயன் கை
நடுங்கியது, அல்லது என் கை.
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
அப்பா இருந்தால் கேட்டிருப்பார்,
இது பூசைதானேடா?
தெரியலப்பா. இருபத்தோரு நாள் ஆச்சு.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுவிட்டேன்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம்,
பச்சையும் சிவப்புமாய் பார் விளக்குகள்
பக்கத்து ஆள் கன்னத்தில் ஓடின.

"முள்ளோடையா?" என்றார் கண்டக்டர்,
என் முகம் பழகியவர்.
எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசிக் கடை அங்கேதான்.

கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக,
"மஞ்சக்குப்பம் ஒண்ணு" என்றேன்.
சில்லறை இல்லை என்று திட்டினார்.