முந்நூற்றேழு

காலை ஆறே முக்காலுக்குக் கரடிவாவியிலிருந்து போன்.
"ஏனுங், தீவன லாரி எங்களுக்கு மட்டும் வரமாட்டீங்குது?
இன்னிக்குப் பத்தொம்பதா நாளுங். அஞ்சாயிரத்து எரநூறு குஞ்சு.
நேத்து மத்தியானமே தட்டு காலி."
பொங்கியண்ணன் முதலில் கேட்டது டிரைவரை.
டிரைவர் கேட்டது டெஸ்பாட்ச்சை.
டெஸ்பாட்ச் பார்த்தது நான் எழுதிய லிஸ்ட்டை.
லிஸ்ட்டில் அவர் இல்லை.

பல்லடம், மங்கலம் ரோடு, மூன்றாம் மாடி.
கீழே கோழி மருந்துக் கடையில் ஷட்டர் ஏறுகிற சத்தம்.
டேபிளைத் திறந்து பார்க்கிறேன்:
பண்ணை எண் 417, பொங்கியண்ணன், இரண்டு ஷெட்,
போர் தண்ணி உப்பு என்கிற குறிப்பு உட்பட
ஆள் அங்கேயேதான் இருக்கிறார்.

டேபிளை எண்ணச் சொன்னேன்: 318.
லிஸ்ட்டை எண்ணச் சொன்னேன்: 307.

பதினொரு பண்ணை
சண்டை போடாமல், கதவைச் சாத்தாமல்
வெளியே போயிருக்கிறது.

முதலில் தேதி வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு பக்கம் பிரிக்கிற இடத்தை.
பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், பொங்கியண்ணனையே:
வேறு கம்பெனிக் குஞ்சு விட்டிருப்பாரோ என்று.
கேஷைத் துடைத்தேன். 307.
சர்வரை அணைத்துப் போட்டேன். 307.
டீ வந்தது, ஆறியது. 307.

கடைசியில்
அந்த ஃபிரேம்வொர்க் எனக்காகச் சத்தமில்லாமல்
எழுதிக்கொள்கிற க்வெரியை
வெளியே கொட்டச் சொல்லி
வேறொருத்தியின் கையெழுத்தைப் படிப்பதுபோல்
வரி வரியாகப் படித்தேன்.
வியாழக்கிழமை நான் செய்த வேலை அதில் இருந்தது.

வியாழன்வரை அந்தப் பக்கம் திறக்கப் பதினாலு விநாடி.
பண்ணைகளை ஒரே மூச்சில் கொண்டுவந்துவிட்டு
உன் சூப்பர்வைசர் யார், உன் சூப்பர்வைசர் யார் என்று
முந்நூற்றுச் சொச்சம் தடவை தனித்தனியாகப் போய்க் கேட்கும்.
பந்தியில் ஒவ்வொரு இலைக்கும்
சமையல்கட்டுவரை ஓடி
ஒரு கரண்டி சாம்பார் கொண்டுவருகிற ஆள்.
நான் இரண்டு டேபிளையும் ஜாயினில் சேர்த்தேன்.
அரை விநாடி.
மேனேஜர் திலகமணி எழுந்து வந்து தோளில் தட்டினார்.
எல்லோருக்கும் பப்ஸ்.

அரை விநாடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று
அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. நானும்.

ஜாயினின் கணக்கு,
இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்,
இருவரும் இருந்தால்தான் ஒரு வரி.
கிருபாகரன் போன மாதம் இருபத்தெட்டாம் தேதி
பெட்ரோல் படித் தகராறில்
பைக் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
எச்ஆர் அவர் பெயரை டெலிட் செய்தது.
செய்ததும் அவர் பார்த்துவந்த பண்ணைகளில்
சூப்பர்வைசர் கட்டம் தானாகவே வெறுமையானது.
(அப்படி அமைத்ததும் நான்தான், இரண்டு வருடம் முன்பு.)
கரடிவாவியில் நாலு, வாவிபாளையத்தில் ஐந்து,
செஞ்சேரிப்புத்தூரில் இரண்டு.

திருத்தம் ஒரே சொல்: லெஃப்ட்.
அந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டாலும்
இந்தப் பக்கத்தை விட்டுவிடாதே என்று அர்த்தம்.
ஓட்டினேன். பக்கமே உடைந்தது.
இல்லாத ஒருவரின் பெயரைக் கேட்கிறாய் என்றது.
அதற்கென்று இருந்த தடுப்பையும்
வியாழனன்றே தேவையில்லையென்று எடுத்திருக்கிறேன்.
பெயர் இல்லையென்றால் கோடு போடு,
பழைய வரியைத் திரும்ப எழுதினேன்.
318.
நடுநடுவே பதினொரு சின்னக் கோடுகள்.

மத்தியானம் பொங்கியண்ணனே கூப்பிட்டார்.
"வந்துருச்சுங். மூட்டை எறக்கியாச்சு."
குஞ்சு எப்படீங்க என்றேன்.
"பசில தட்டுக்கு முட்டிக்கிட்டு
ஒண்ணு மேல ஒண்ணு ஏறிருச்சுங். நாப்பத்தாறு.
கணக்குல ஏத்திக்குங்."

இறப்புப் படிவத்தைத் திறந்தேன்.
இன்றைய தேதி. பண்ணை 417. எண்ணிக்கை 46.
சேமி.
சூப்பர்வைசர் பெயர் கட்டாயம் என்று
சிவப்பில் நிற்கிறது.