முக்கால் பவர்

டீ கிளாஸ் வாயகலத்தில் ஒரு கறுப்பு வட்டம்,
பத்து மீட்டர் தள்ளி.
அது நன்றாகவே தெரிகிறது.
அதன்மேல் ஊரும் எறும்பு ஆணா பெண்ணா
என்றுகூடச் சொல்லிவிடுவேன்.
தெரியாதது என் கையில் இருப்பது.

பிஸ்டல் முனையில் நிற்கும் இரும்புப் பல்
போன ஆடிவரை ஒற்றைப் பல்.
இந்த ஆடியில் இரண்டு,
சாயங்காலமானால் இரண்டரை.
எதை நம்பிச் சுட?

புளியரை வனச் சாவடியில் வேலை.
மலை இறங்கி வளைவு திரும்பும் லாரியின் நம்பரை
வாசலில் நின்றே படித்துவிடுவேன்.
டிரைவர் நீட்டும் பெர்மிட்டைத்தான்
கையைத் தள்ளி, இன்னும் தள்ளி,
கடைசியில் அவனிடமே கொடுத்து
வாசிக்கச் சொல்கிறேன்.
ஐம்பத்து நாலு வயசுக்கு என் கை குட்டை.

கிளப்பில் ஆளுக்கொரு வைத்தியம்.
எல்.ஐ.சி. மரியசூசை புரொகிரசிவ் போடச் சொன்னார்.
போட்டேன்.
பல் தெரிய வேண்டுமானால் தாடையைத் தூக்கணும்,
தாடை போனால் தோளும் கூடப் போகும்,
குண்டு கூரைத் தகரத்தை விசாரிக்கும்.
பாத்திரக்கடை வன்னியராஜ் புரை எடுத்தவர்.
கிட்டமும் தூரமும் சேர்த்துக் காட்டும் லென்ஸ்
கண்ணுக்குள்ளேயே.
'பல்பைச் சுத்தி வட்டம், வட்டத்தைச் சுத்தி வட்டம்.
பத்து எதுன்னு மட்டும் கேக்காதீங்க.'
ஒரு கண்ணில் கிட்டம், ஒரு கண்ணில் தூரம்,
கான்டாக்ட் லென்ஸ் மாட்டலாம் என்றான்
தென்காசிக் கடைப் பையன்.
ஒரு கண் கேரளா, ஒரு கண் தமிழ்நாடு,
நடுவில் சாவடியாய் என் மூக்கு.
வேண்டாம்.

நானாகக் கண்டது பஸ் டிக்கெட்.
ஊசியால் குத்திக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால்
பல், பின்னால் பள்ளம், தூரத்துக் கறுப்பு
மூன்றும் சுத்தம்!
கூத்தாடாத குறை.
அதற்குள் சாரல் இறங்கி
ஷெட்டில் வெளிச்சம் செத்தது.
ஓட்டைக்குள் ராத்திரி.

புனலூருக்கு பஸ் ஏறினேன்.
பிஸ்டலோடு போனால்
என் சாவடியே என்னை இறக்கிவிடும்.
அதனால் ஒரு மர ஸ்கேல்,
நுனியில் மை பூசிய தீக்குச்சித் துண்டு.
கண்ணிலிருந்து குச்சிவரை எண்பத்தோரு சென்டிமீட்டர்,
தையல் டேப்பில் அளந்தது.
கடையில் ஸ்கேலை நீட்டி ஒற்றைக் கையோடு நின்றபோது
பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

கண் பார்க்கும் ஜெஸ்னா சிரிக்கவில்லை.
'எந்தா காணேண்டது?'
எல்லாம் என்றேன்.
'எல்லாம் பற்றில்ல சேச்சி. ஒந்நு பறயூ.'
ஊரில் யாரும் இப்படி முகத்துக்கு நேரே சொன்னதில்லை.
குச்சி என்றேன்.

கால் போட்டாள், அரை போட்டாள்.
ஒன்றேகாலில் குச்சியின் நார் தெரிந்தது,
சுவரில் அட்டை இருந்த இடத்தில் புகை.
திரும்பி வந்து முக்காலில் நிறுத்தினாள்.
குச்சி கறுக்கென்று.
தூரத்து எழுத்து, மழை குடித்த போஸ்டர்.
இடக்கண்ணை இறுக்கி மூடாதே,
மூடினால் வலதும் கூடச் சுருங்கும் என்று
அந்தப் பக்கம் பால்நிற டேப் ஒட்டித் தந்தாள்.

முதல் நாள் நம்பவில்லை.
பதினெட்டு வருஷம் கறுப்பைப் பார்த்தே சுட்டவளுக்கு
கறுப்பு உருகி வெல்லப்பாகாய் நிற்கிறது.
பல்லைப் பார்த்தேன்.
ஒற்றைப் பல். இடது விளிம்பில் ஒரு கீறல்,
எப்போது விழுந்ததோ.
பாகுக்கு அடியில் அதை நிறுத்தினேன்,
விரல் பாட்டுக்குப் போனது.
ஒன்பது. ஒன்பது. பத்து.
அப்புறம் ஒரு ஏழு,
அது கண்ணின் தப்பில்லை, கொசு.

அன்று ராத்திரி டூட்டிக்கு
அதே கண்ணாடியோடு வந்துவிட்டேன்.
டார்ச் பிடித்து நீட்டிய கையின் நகம் துல்லியம்.
வளைவில் வந்ததோ ஒரு வெளிச்சக் கட்டி,
அன்னாசி மணத்தோடு பிரேக் போட்டு நின்றது.
'எந்தா மேடம்?'
'ஒன் வண்டி கேஎல்லா, டிஎன்னா?'
அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான்,
இறங்கினான்,
சாரலில் நனைந்துகொண்டே
தோள் துண்டால் நம்பர் பிளேட்டை
அழுத்தி அழுத்தித் துடைத்தான்.