தாமதம்

முதலில் பத்து நிமிடம் என்று எழுதினேன்.
சாக்பீஸ் நமுத்திருந்தது, பூஜ்யம் பாதிதான் விழுந்தது.
மூன்று நாள் மழை. நெரெத்வா ஆறு
பால் விட்ட காப்பி நிறத்தில் பாலத்தை முட்டிக்கொண்டிருந்தது.

பிறகு இருபத்தைந்து.
மோஸ்தார் வண்டியில் வரும் மகனுக்காக
மிர்சாதா புது பூட்ஸை அட்டைப்பெட்டியோடு
மடியில் வைத்திருந்தாள். நாற்பத்து நான்காம் நம்பர்.
பேக்கரி வேலை, ராத்திரியெல்லாம் நின்றபடியே, என்றாள்
நான் கேட்காமலே.

ஐம்பது என்று எழுதும்போது எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் சுரங்கம் தாண்டியதும்
மலை இறங்கிவந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டதாக
ஃபிக்ரெத் போனில் சொல்லியிருந்தான்.
எஞ்சின் சேற்றுக்குள். இரண்டு பெட்டி ஆற்றில்.
மூன்றாவதைப் பற்றி அவன் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
போனுக்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தது.

ஆனாலும் ஐம்பது என்றுதான் எழுதினேன்.
பதினெட்டு வருஷமாக இந்தக் கை
நிமிடங்களைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை.

அவள் எழுந்து வந்தாள். பலகையைப் பார்த்தாள்,
பிறகு என் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளையை,
வெகுநேரம்.

அளவு சரியில்லையென்றால் மாற்றித் தருவார்களா, என்று கேட்டாள்.

ரசீது இருக்கிறதா என்றேன்.

இருந்தது.
நான்காக மடித்து, இடது பூட்ஸுக்குள்.