தீர்மானம் எண் ஏழு

வேலந்தாவளம் செக்போஸ்ட் கம்பத்துக்குக் கிழக்கே
சீட்டு விற்றால் கேஸ்.
மேற்கே முப்பது தப்படியில்
மேசை போட்டு, குடை நட்டு,
காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து விற்கிறார்கள்.
கே.ஜி. சாவடி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்
டீ குடிப்பதுபோல வாங்கிப் போகிறார்கள்.
மூன்று மணிக்கு
ஊரிலுள்ள தலையெல்லாம் போனுக்குக் குனியும்.

இதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் வராது.
நான் எழுத வேண்டியது:
டயாலிசிஸ் உதவிக் குழு, சாதாரணக் கூட்டம்,
வந்தவர்கள் ஒன்பது பேர்.

நாலு மெஷினில் ஒன்று
மழைக்காலத்திலிருந்து துணி போர்த்திக் கிடக்கிறது.
காத்திருப்போர் பட்டியலில் பதினேழு பெயர்.
போன மாதம் இரண்டு பெயரை அடித்தேன்.
அடித்த காரணம் எழுதுகிற கட்டம்
ரொம்பச் சின்னது.

கொச்சியிலிருந்து வந்த ஜோபிஷ்
அட்டையைப் பிரித்து நிறுத்தினான்,
ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பெட்டி.
விரல் வைத்தால் மூன்று வரிசை உருளும்,
தேங்காய், ஆனை, விளக்கு.
ஒரு தொடலுக்குப் பத்து ரூபாய்.
"சட்டம் வரும் சாரே, தர்ம காரியத்துக்கு மட்டும்.
வர்ற அன்னைக்கு நீங்க ரெடியா நிக்கணும்."
நூற்றுக்கு முப்பது குழுவுக்கு.
மீதி யாருக்கு என்று கேட்டேன்.
ஆனை எப்படி ஆடுகிறது பாருங்கள் என்றான்.

ரஹ்மத்துன்னிஸா எழுந்து நின்றே சொன்னார்:
"எம் மருமகனுக்கு இங்கதான் ஊசி ஏறுது.
இருந்தாலும் வேண்டாம்.
ஹராம் காசு அவன் ரத்தத்துல ஓட வேண்டாம்."
சிவதாசன் மாஷ் கண்ணாடியைத் துடைத்தபடி,
"மூணாவது மெஷின் எந்தக் காசு?
அதுவும் சீட்டுக் காசுதான்" என்றார்.
ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

சும்மா யாராவது தொட்டுப் பாருங்கள் என்றான் ஜோபிஷ்.
கதவோரம் நின்றிருந்தவர் என் வீட்டுக்காரர் திருமூர்த்தி,
செவ்வாயும் வெள்ளியும் இரண்டாம் கட்டில்.
அவருக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.
பதினொரு வருசம், தினம் மூன்று மணி.
மொபெட் போனது. எருமை போனது.
எலப்புள்ளியில் என் அப்பா எழுதிக்கொடுத்த ஆறு சென்ட்
கடைசி நம்பர் ஒன்று தள்ளி விழுந்ததில் போனது.
குடித்ததில்லை, கை நீட்டியதில்லை.
அவர் சட்டைப்பையில் எப்போதும்
நாளை என்று ஒன்று மடித்து இருக்கும்.

அதில் எத்தனை பைசா
முகம் தெரியாத யாருக்கோ ரத்தம் கழுவப் போயிருக்கும்,
எத்தனை பைசா சுற்றிக்கொண்டு இவரிடமே வந்திருக்கும்?
கணக்கெழுதுகிற கை, சும்மா இருக்குமா.
போட்டுப் பார்த்திருக்கிறேன் ஒரு ராத்திரி.
வரவிலும் அவர் பேர், செலவிலும் அவர் பேர்.
பேரேடு மூடவே இல்லை.

இடக்கையில் ஃபிஸ்டுலா நரம்பு உப்பி நிற்க
வலக்கை விரலால் தொட்டார்.
விளக்கு.
விளக்கு.
மூன்றாவது மெல்ல,
வேண்டுமென்றே மெல்ல,
விளக்கு.
பெட்டி செண்டை கொட்டியது.
பச்சையில் பத்தாயிரம் என்று எரிந்தது.
எல்லோரும் கை தட்டினோம், ரஹ்மத்துன்னிஸாகூட.
"டெமோ சேட்டா, வெறும் டெமோ."
இவர் தலையாட்டிச் சிரித்தார்,
கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.
அங்கே ரிட்டர்ன் பஸ் காசும்
கால்சியம் மாத்திரையும் இருப்பது எனக்குத் தெரியும்.

ஆதரவாக நாலு கை.
எதிராக நாலு கை.
ஒன்பதாவது கை எழுதிக்கொண்டிருந்தது.
தலைவர் என் பக்கம் திரும்பினார்.

டீ, பருப்புவடை, நூற்றெட்டு ரூபாய்
என்று எழுதினேன். தேதி போட்டேன்.
தீர்மானம் எண் ஏழு என்று எழுதி
அதற்குக் கீழே இரண்டு வரி விட்டேன்.

வாசலில் அவர் செருப்பைத் தேடுகிறார்.
மணி இரண்டு ஐம்பது.